முன்வண்டியைப் பார்த்து ஓட்டுவது: பின்தொடர் மாதிரிகளுக்குள் இருக்கும் மனம்

முந்த வழியில்லாத ஒற்றைத் தடத்தில் ஒரு கார் இன்னொரு காரின் பின்னால் போகிறது. பின்னால் இருக்கும் ஓட்டுநருக்குத் தெரிபவை மூன்றே: தன் வேகம், முன்வண்டியோடு உள்ள இடைவெளி, அந்த இடைவெளி சுருங்குகிறதா விரிகிறதா என்பது. அவர் செய்யக்கூடியது ஒன்றே: ஆக்சிலரேட்டரையோ பிரேக்கையோ மிதித்துத் தன் முடுக்கத்தை மாற்றுவது. மூன்று உள்ளீட்டிலிருந்து இந்த ஒரு வெளியீட்டைக் கணக்கிடும் விதியைத்தான் போக்குவரத்துப் பொறியியலில் பின்தொடர் மாதிரி என்கிறோம். மேம்பாலம் கட்டும் முன் நெரிசலைக் கணினியில் பார்ப்பதற்கும், தானாகவே இடைவெளி காக்கும் கார்களை வடிவமைப்பதற்கும் அடியில் இந்த விதிதான் ஓடுகிறது.

இதைப் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இயற்பியல் என்று நினைத்து வருகிறார்கள். நிறையும் விசையும் தேடுகிறார்கள், கிடைக்காது. இரண்டு கார்களுக்கு இடையே எந்த விசையும் இல்லை. முன்வண்டி மெதுவானால் பின்வண்டி மெதுவாவதற்கு ஒரே காரணம், ஒரு மனிதர் அதைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை நகர்த்துகிறார் என்பதுதான். ஆகவே இந்தச் சமன்பாடுகளில் வரும் ஒவ்வொரு மாறிலியும் மனித மனத்தைப் பற்றிய ஒரு கூற்று. அந்தக் கூற்று என்ன என்று தெரியாமல் எண்ணை மட்டும் நிரப்பினால் கணிப்பு தவறும். தவறியது எதனால் என்றும் தெரியாது.

கம்பி கட்டிய இரண்டு கார்கள்

1950களின் தொடக்கத்தில் வந்த மாதிரிகள் சாலை விதிப்புத்தகத்தை அப்படியே சமன்பாடாக்கின. அமெரிக்காவில் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்பட்ட பழைய அறிவுரை ஒன்று உண்டு: மணிக்குப் பத்து மைல் வேகத்துக்கு ஒரு கார் நீளம் இடைவெளி விடு. 1953-ல் பைப்ஸ் என்பவர் அதையே கணிதமாக எழுதினார். ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொன்னது. உண்மையில் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

அதைச் சொல்ல முயன்றது ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடம். முன்காரின் பின்புறத்தையும் பின்காரின் முன்புறத்தையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். கம்பி ஒரு சுருளில் சுற்றியிருக்கும். எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தால் இடைவெளியும் வேக வேறுபாடும் தொடர்ச்சியாகக் கிடைக்கும். எட்டு ஓட்டுநர்களை வைத்துச் செய்த அந்தச் சோதனையின் முடிவை சாண்ட்லர், ஹெர்மன், மாண்ட்ரோல் மூவரும் 1958-ல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த விதி மிக எளிது:

இப்போதைய முடுக்கம் = உணர்திறன் × சற்று முன்பு இருந்த வேக வேறுபாடு

"சற்று முன்பு" என்பதுதான் எதிர்வினை நேரம். சராசரியாக அது சுமார் 1.5 விநாடி. உணர்திறன் விநாடிக்குச் சுமார் 0.37. அதாவது முன்வண்டி என்னைவிட விநாடிக்கு 2 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர், மெதுவாகிவிட்டால் ஒன்றரை விநாடி கழித்து என் கார் 0.74 மீ/வி² அளவுக்கு வேகம் குறையும்.

இந்த இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்ப்பது அவசியம்: 0.37 × 1.5 = 0.55. இந்தப் பெருக்கற்பலன் ஒரு நோய்க்குறி மாதிரி. அது 0.37-க்குக் கீழே இருந்தால் பின்வண்டி அலைபாயாமல் புதிய வேகத்துக்கு இறங்கும். அதற்கும் 1.57-க்கும் இடையே என்றால் இடைவெளி கூடிக் குறைந்து கொஞ்ச நேரம் ஊசலாடி அடங்கும். அதற்கு மேல் போனால் ஊசலாட்டம் பெருகிக்கொண்டே போய் மோதலில் முடியும். இது இரண்டு வண்டிகளுக்கான கணக்கு. வரிசையாகப் பல வண்டிகள் போகும்போது எல்லை இன்னும் இறுக்கமானது: பெருக்கற்பலன் 0.5-ஐத் தாண்டினாலே, முதல் வண்டியின் சிறு தடுமாற்றம் ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போகப்போக வளரும்.

0.55 வரிசைக்கான 0.5-க்கும் இரண்டு வண்டிகளுக்கான 1.57-க்கும் நடுவில் விழுகிறது. ஒவ்வொரு ஓட்டுநரும் தன்னளவில் சரியாகத்தான் ஓட்டுகிறார். இரண்டு வண்டிகளை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஐம்பது பேர் வரிசையாகப் போனால் வரிசை நிலையற்றது. காரணமே இல்லாமல் நெரிசல் எப்படி வருகிறது என்ற கேள்விக்குக் கிடைத்த தொடக்ககாலக் கணித விடைகளில் ஒன்று இது.

தாமதமும் உணர்திறனும் ஏன் பெருக்கலாகச் சேர்கின்றன? மாடித் தொட்டி வால்வை ஒருவர் திறக்க, கீழே குழாயடியில் இன்னொருவர் நின்று "இன்னும் திற", "மூடு" என்று குரல் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்துசேரத் தாமதம் இருக்கும்போது மேலே இருப்பவர் ஒவ்வொரு குரலுக்கும் வால்வை முழுக்கத் திருப்பினால் வாளி ஒருமுறை வழியும், ஒருமுறை காயும். கொஞ்சமாகத் திருப்பினால் தாமதம் இருந்தாலும் சமாளிக்கலாம். தாமதமும் முரட்டுத்தனமும் சேர்ந்தால்தான் கேடு.

இந்த மாதிரியின் பெரிய ஓட்டை: வேக வேறுபாடு பூஜ்யம் என்றால் முடுக்கமும் பூஜ்யம். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரே ஒரு மீட்டர் இடைவெளியில் போனாலும், வேகம் சமமாக இருக்கும்வரை மாதிரி ஓட்டுநர் பதறமாட்டார். 1959-க்குப் பின் உணர்திறனை இடைவெளியால் வகுத்து, கிட்டே இருந்தால் கூர்மையாகவும் தூரத்தில் இருந்தால் மந்தமாகவும் எதிர்வினை வரும்படி திருத்தினார்கள். அப்போதும் வேகம் சமமானால் பயம் இல்லை என்ற குறை அப்படியே நின்றது.

கண்ணுக்குத் தெரியாத வேக வேறுபாடு

மேலே சொன்ன விதி இன்னொன்றையும் மறைமுகமாகச் சொல்கிறது: ஓட்டுநர் எவ்வளவு சிறிய வேக வேறுபாட்டையும் உணர்ந்து எதிர்வினை காட்டுவார் என்று. இது உண்மையல்ல. மனிதக் கண்ணுக்குத் தூரத்தையோ வேகத்தையோ அளக்கும் கருவி கிடையாது. முன்வண்டியின் பின்புறம் விழித்திரையில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது, அந்தக் கோணம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பவைதான் கண்ணுக்குக் கிடைப்பவை. 1963-ல் மைக்கேல்ஸ் இந்தப் பார்வையைப் பின்தொடர் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். கோணம் விரியும் வேகத்துக்கு ஒரு கீழெல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் ஓட்டுநருக்கு எதுவும் மாறுவதாகவே தோன்றாது. ஆளுக்கு ஆள், வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும் இந்த எல்லையை விநாடிக்கு 0.0006 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கோணம் விரியும் வேகம் = முன்வண்டியின் அகலம் × வேக வேறுபாடு ÷ இடைவெளியின் வர்க்கம்

காரின் அகலம் 1.8 மீட்டர் என வைப்போம். 20 மீட்டர் இடைவெளியில், மணிக்கு அரைக் கிலோமீட்டர் வேறுபாடு கூடத் தெரியும். 50 மீட்டரில் மணிக்கு 3 கிலோமீட்டர் வேறுபாடு வேண்டும். 100 மீட்டரில் 12. 150 மீட்டரில் 27 கிலோமீட்டர் வேறுபட்டால்தான் "நெருங்குகிறோம்" என்பதே உறைக்கும். கீழே வகுப்பதில் இருக்கும் வர்க்கம் செய்யும் வேலை இது: தூரம் இரட்டித்தால் குருட்டுத்தன்மை நான்கு மடங்காகும். நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருக்கும் அல்லது ஊர்ந்து போகும் வண்டியின் பின்னால் வேகமாக வருபவர்கள் கடைசி நேரத்தில் பிரேக் அடிப்பதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பார்த்துக்கொண்டே வந்தாலும் நெருங்கும் வேகம் தெரியாத தூரம் ஒன்று இருக்கிறது.

அதே சமன்பாட்டில் அகலத்தையும் கவனியுங்கள். 0.7 மீட்டர் அகலமுள்ள மோட்டார் சைக்கிள் என்றால் 50 மீட்டரில் தேவைப்படும் வேறுபாடு மணிக்கு 7.7 கிலோமீட்டராக ஏறிவிடும். இரவில் ஒற்றைப் பின்விளக்கு மட்டும் தெரியும்போது கண்ணுக்கு அகலமே கிடைப்பதில்லை.

இந்த உணர்வெல்லையை மையமாக வைத்து 1974-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வீடெமான் உருவாக்கிய மாதிரிதான் இன்று உலகெங்கும் பயன்படும் விஸ்ஸிம் என்ற போக்குவரத்து உருவகப்படுத்தல் மென்பொருளின் அடிப்படை. உளவியலும் உடலியலும் கலந்த மாதிரி என்று இதை வகைப்படுத்துவார்கள். இதில் ஓட்டுநர் நான்கு நிலைகளில் ஏதோ ஒன்றில் இருப்பார்: முன்வண்டியைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது, நெருங்குவதை உணர்ந்து மெதுவாவது, பின்தொடர்வது, அவசரமாகப் பிரேக் அடிப்பது. ஓர் எல்லையைக் கடக்கும்போது மட்டும் செயல் மாறும். எல்லைகளுக்கு நடுவே கால் அசையாது.

பின்தொடர் நிலைதான் இதில் மிக அழகானது. ஓட்டுநர் முன்வண்டியின் வேகத்தைச் சரியாகப் பிடிக்க முயல்கிறார், ஆனால் எல்லைக்குக் கீழே உள்ள பிழை அவருக்குத் தெரியாது. லேசாக வேகம் கூட இருந்தால் இடைவெளி மெல்லச் சுருங்கும். "கிட்டே வந்துவிட்டோம்" என்று உறைத்ததும் லேசாகக் காலைத் தளர்த்துவார். இப்போது வேகம் லேசாகக் குறைவு, இடைவெளி மெல்ல விரியும். "விலகிவிட்டது" என்று தோன்றியதும் மறுபடி மிதிப்பார். இடைவெளியை ஓர் அச்சிலும் வேக வேறுபாட்டை மறு அச்சிலும் வைத்து வரைந்தால் பாதை ஒரு புள்ளியில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வளையமாகப் போகும். உண்மையான ஓட்டுநர்களின் பதிவுகளிலும் இந்த வளையம் தெரிகிறது. விஸ்ஸிமின் 1999 வடிவ மாதிரியில் இதற்கான இயல்பு எண்கள் (நாம் மாற்றாதவரை மென்பொருள் எடுத்துக்கொள்பவை): நிற்கும்போது 1.5 மீட்டர் இடைவெளி, ஓடும்போது 0.9 விநாடி, அதற்கு மேல் அலைபாய 4 மீட்டர். ஆக விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இடைவெளி 19.5-க்கும் 23.5 மீட்டருக்கும் இடையே ஊசலாடும்.

மூன்று நேரங்கள்

தொடங்குபவர்களை அதிகமாகத் தடுக்கி விழ வைக்கும் இடம் இது. மாதிரிகளில் விநாடியில் அளக்கப்படும் எண்கள் மூன்று வரும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது எதிர்வினை நேரம். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற ஆகும் நேரம். இது ஒரே எண் அல்ல. சோதனையில் "இப்போது விளக்கு எரியும்" என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்குச் சுமார் 0.7 விநாடி, சாதாரணமாக முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தால் 1.25 அளவு, குறுக்கே ஏதாவது பாய்ந்தால் 1.5 அளவு. மணிக்கு 60 கிலோமீட்டரில் இது முறையே 12, 21, 25 மீட்டர் தூரம். எதிர்பார்ப்பு இல்லை என்ற ஒன்று மட்டுமே தூரத்தை இரட்டிக்கிறது.

இரண்டாவது கால இடைவெளி: முன்வண்டி கடந்த இடத்தை நான் எத்தனை விநாடி கழித்துக் கடக்க விரும்புகிறேன் என்பது. இது உடலின் திறன் அல்ல, விருப்பம். குணம் என்றே சொல்லலாம். அவசரக்காரருக்கு ஒரு விநாடிக்கும் கீழே, நிதானமானவருக்கு இரண்டு.

மூன்றாவது கணக்கீட்டுப் படி: கணினி எத்தனை விநாடிக்கு ஒருமுறை வேகத்தைப் புதுப்பிக்கிறது என்பது. இதற்கும் மனிதருக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. ஆனால் படி பெரிதாக இருந்தால் அது மறைமுகமாக எதிர்வினை நேரம் போலவே நடந்துகொள்ளும்.

நெடுஞ்சாலைகளில் ஒரு விநாடிக்கும் குறைவான கால இடைவெளியில் மக்கள் சாதாரணமாக ஓட்டுகிறார்கள். அவர்களின் எதிர்வினை நேரமும் அதே அளவு. வெறும் பின்தொடர் விதிப்படி பார்த்தால் அந்தச் சாலையில் தினமும் சங்கிலித்தொடராக மோத வேண்டும். மோதுவதில்லை. ஏனென்றால் மனிதர் முன்வண்டியை மட்டும் பார்ப்பதில்லை. அதன் கண்ணாடி வழியாகவும் ஓரமாகவும் மூன்று நான்கு வண்டிகள் முன்னே எரியும் பிரேக் விளக்குகளையும் பார்க்கிறார், இன்னும் ஒரு விநாடியில் எங்கே இருப்போம் என்று மனத்துக்குள் ஊகிக்கிறார். 2006-ல் ட்ரைபர், கெஸ்டிங், ஹெல்பிங் மூவரும் முன்வைத்த மாதிரி நான்கையும் சேர்த்தது: எதிர்வினைத் தாமதம், தூரத்தையும் வேகத்தையும் தப்பாக மதிப்பிடுவது, முன்னூகம், பல வண்டிகளை ஒருசேரப் பார்ப்பது. முதலிரண்டும் வரிசையைக் குலைக்கின்றன, பின்னிரண்டும் காக்கின்றன. பெரிய லாரியின் பின்னால் போகும்போது ஏன் கூடுதல் இடைவெளி வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை: அங்கே உங்கள் முன்னூகம் பறிபோய்விடுகிறது.

வசதி, ஆசை, அச்சம்: ஒரே சமன்பாட்டில்

2000-ல் ட்ரைபர், ஹென்னக்கே, ஹெல்பிங் வெளியிட்ட 'நுண்ணறிவு ஓட்டுநர் மாதிரி' தொடங்குபவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது. அதன் ஐந்து முக்கிய எண்களையும் ஒரு மனிதரிடமே கேட்டுப் பெறலாம். வெறுஞ்சாலையில் எந்த வேகத்தில் போக விரும்புவீர்கள்? எத்தனை விநாடி இடைவெளி விடுவீர்கள்? நின்றால் முன் பம்பருக்கு எவ்வளவு தள்ளி நிற்பீர்கள்? எவ்வளவு விறுவிறுப்பாக வேகமெடுப்பீர்கள்? எவ்வளவு மென்மையாகப் பிரேக் பிடிக்க விரும்புவீர்கள்?

முடுக்கம் = உச்ச முடுக்கம் × [1 − (வேகம் ÷ விரும்பும் வேகம்) இன் நான்காம் அடுக்கு − (விரும்பும் இடைவெளி ÷ உண்மை இடைவெளி) இன் வர்க்கம்]

விரும்பும் இடைவெளி = நிற்கும் இடைவெளி + வேகம் × கால இடைவெளி + வேகம் × நெருங்கும் வேகம் ÷ (2 × √(உச்ச முடுக்கம் × வசதியான பிரேக்))

அடைப்புக்குள் இருக்கும் 1 ஆசை. அடுத்தது ஆசை தீர்ந்துவருவது. கடைசியாகக் கழிக்கப்படுவது அச்சம். எண் போட்டுப் பார்த்தால்தான் இது மனத்தில் தங்கும்.

விரும்பும் வேகம் 30 மீ/வி (மணிக்கு 108 கி.மீ.), கால இடைவெளி 1.5 விநாடி, நிற்கும் இடைவெளி 2 மீட்டர், உச்ச முடுக்கம் 1 மீ/வி², வசதியான பிரேக் 1.5 மீ/வி². இப்போதைய வேகம் 20 மீ/வி, முன்வண்டியும் அதே வேகம், இடைவெளி 40 மீட்டர். விரும்பும் இடைவெளி 2 + 30 = 32. அச்சம்: (32÷40)² = 0.64. ஆசை தீர்ந்த அளவு: (20÷30)⁴ ≈ 0.20. முடுக்கம் 1 − 0.20 − 0.64 = 0.16. ஓட்டுநர் காலை லேசாக அழுத்தி 36 மீட்டர் அளவுக்கு நெருங்கி அமர்வார்.

முன்வண்டி திடீரென 15 மீ/வி ஆகிவிட்டது என வைப்போம். நெருங்கும் வேகம் 5. மூன்றாம் உறுப்பு 20 × 5 ÷ 2.45 ≈ 41. விரும்பும் இடைவெளி 32-லிருந்து 73-க்குத் தாவுகிறது. அச்சம் 0.64-லிருந்து 3.3. முடுக்கம் −2.5 மீ/வி². வசதியான பிரேக் என்று அவர் சொன்ன 1.5-ஐ அவரே மீறுகிறார். ஆபத்து அதிகமானால் வசதியைத் துறப்பது என்ற இந்தக் குணம் சமன்பாட்டில் தனியாக எழுதப்படவில்லை. வர்க்கத்திலிருந்து தானாக வருகிறது.

கால இடைவெளியை மட்டும் மாற்றினால் சாலையின் கொள்ளளவே மாறும். மேலே சொன்ன ஓட்டுநர்கள் 20 மீ/வி வேகத்தில் சீராகப் போனால் இடைவெளி 35.7 மீட்டர், கார் நீளம் 4.5 சேர்த்து ஆளுக்கு 40.2 மீட்டர், ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,790 வண்டிகள். அதே ஆட்கள் 1 விநாடி மட்டும் விட்டால் 2,480. அரை விநாடி மனப்போக்கு வேறுபாட்டுக்கு 690 வண்டிகள்.

ஒரு குறை: இந்த மாதிரியில் எதிர்வினை நேரமே இல்லை. ஓட்டுநர் அந்தக் கணத்திலேயே எதிர்வினை காட்டுகிறார், இடைவெளியைத் துல்லியமாக அறிகிறார். சராசரி நடத்தையைப் படிக்க இது போதும். விபத்தைப் படிக்கப் போதாது.

சுகியாமாவின் வட்டம்

2008-ல் சுகியாமாவும் குழுவினரும் வெளியிட்ட சோதனையில், ஜப்பானில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். சிக்னல் இல்லை, குறுகல் இல்லை, மேடு இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் சீராக ஓடியது. பிறகு சிறு தடுமாற்றங்கள் வளர்ந்து, சில கார்கள் முழுதாக நின்றன. நின்ற கூட்டம் அங்கேயே தேங்கவில்லை. முன்னால் இருந்தவர் கிளம்ப, பின்னால் வந்தவர் சேர, கார்கள் போகும் திசைக்கு எதிராக மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் அலையாக நகர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு காருக்கு 10.45 மீட்டர் இடம். கார் நீளத்தை 4 மீட்டர் என வைத்தால் இடைவெளி 6.45. நிற்கும்போது விடும் 2 மீட்டரைக் கழித்தால் 4.45 மீட்டர், மணிக்கு 30 கிலோமீட்டரில் அதைக் கடக்க அரை விநாடிதான். எதிர்வினை நேரத்துக்கும் கீழே. வரிசை குலைந்ததில் வியப்பில்லை.

அலையின் வேகத்துக்கும் மனம்தான் காரணம். நின்ற வரிசையில் ஒவ்வொருவரும் முன்வண்டி கிளம்பிச் சுமார் ஒன்றரை விநாடி கழித்துக் கிளம்புகிறார். ஒருவர் பிடித்திருக்கும் இடம், காரின் நீளமும் நிற்கும் இடைவெளியும் சேர்த்து, சுமார் 7 மீட்டர். 7-ஐ 1.5-ஆல் வகுத்தால் விநாடிக்கு 4.7 மீட்டர், மணிக்கு 17 கிலோமீட்டர். நெடுஞ்சாலைகளில் அளக்கப்படும் நெரிசல் அலைகளும் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டரில்தான் பின்னோக்கிப் போகின்றன.

சமன்பாட்டுக்குள் எளிதில் அடங்காதவை

மாறிலி என்று நாம் எழுதுவது உண்மையில் மாறும். நீண்ட நேரம் நெரிசலில் ஊர்ந்தவர்கள் சலித்துப்போய், முன்னால் இடம் விட்டாலும் உடனே நிரப்பமாட்டார்கள். அவர்களின் கால இடைவெளி கூடிவிடுகிறது. நெரிசலிலிருந்து வெளியேறும் வண்டிகளின் ஓட்டம், நெரிசல் வருவதற்கு முன் அதே சாலை தாங்கிய ஓட்டத்தைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நெரிசலில் கழித்த நேரத்தை நினைவில் வைத்துக் கால இடைவெளியை மெல்லக் கூட்டும் மாதிரிகள் இதற்காகவே வந்தன.

கைப்பேசியில் பேசுபவர்களின் எதிர்வினை மெதுவாகும். அதை உணரும் பலர் வேகத்தைக் குறைத்து இடைவெளியைக் கூட்டியும் விடுகிறார்கள். ஃபுல்லர் என்ற உளவியலாளர் சொன்ன விளக்கம் இங்கே பொருந்துகிறது: ஓட்டுநர் காப்பது குறிப்பிட்ட தூரத்தையோ வேகத்தையோ அல்ல, வேலையின் கடினத்தைத் தனக்குத் தாங்கும் அளவில் வைப்பதையே. திறன் குறைந்தால் வேலையையும் குறைத்துக்கொள்கிறார். ஆகவே கவனச்சிதறலை மாதிரியில் சேர்க்கும்போது எதிர்வினை நேரத்தை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்துவது தவறு. அப்படிச் செய்தால் நிஜத்தைவிட அதிக மோதல்கள் திரையில் தெரியும். கால இடைவெளியையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சென்னைச் சாலை போன்ற இடத்தில் கேள்வியே வேறாகிறது. "முன்வண்டி எது?" என்பதே தெளிவில்லை. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் எடுத்த வண்டிப் பாதைப் பதிவுகள் கலப்புப் போக்குவரத்தைப் படிப்பவர்களிடையே நன்கு அறியப்பட்டவை. இருசக்கர வண்டி நேர் பின்னால் போவதில்லை, ஓரமாக விலகித் தொடர்கிறது. விலகியிருப்பதால் தப்பிக்க வழி உண்டு, அதனால் இடைவெளியும் குறைவு. ஒரே தடம், ஒரே முன்வண்டி என்று எழுதிய மாதிரியை அப்படியே இங்கே போட்டால், எண்களை எவ்வளவு திருகினாலும் பொருந்தாது. பக்கவாட்டு விலகலையும், ஒரே நேரத்தில் பாதிக்கும் பல வண்டிகளையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும்.

கையில் எடுத்துப் பார்க்க

எக்செல் போன்ற ஒரு விரிதாள் போதும். நுண்ணறிவு ஓட்டுநர் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் 0.1 விநாடி. ஒவ்வொரு காருக்கும் மூன்று நிரல்: இடம், வேகம், முடுக்கம். புதிய வேகம் = பழைய வேகம் + முடுக்கம் × 0.1. புதிய இடம் = பழைய இடம் + பழைய, புதிய வேகங்களின் சராசரி × 0.1.

வழக்கமாகத் தவறுவது எங்கே என்றால், முதலில் நெருங்கும் வேகத்தின் குறி. என் வேகத்திலிருந்து முன்வண்டியின் வேகத்தைக் கழிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் முன்வண்டி பிரேக் அடிக்கும்போது உங்கள் ஓட்டுநர் பாய்ந்து மோதுவார். அடுத்து, இடைவெளியிலிருந்து கார் நீளத்தைக் கழிக்க மறப்பது. நிற்கப்போகும் காருக்கு எதிர்மறை வேகம் வரும். பூஜ்யத்தில் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் கார்கள் பின்னால் ஊரும். முன்வண்டி வேகமாக விலகும்போது விரும்பும் இடைவெளியும் எதிர்மறையாகலாம். வர்க்கம் அதை நேர்மறையாக்கி, இல்லாத அச்சத்தை உண்டாக்கும். அதற்கும் பூஜ்யத்தில் ஒரு தரை போடுங்கள்.

சுமோ என்ற திறந்தமூலப் போக்குவரத்து மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் மூன்று இயல்பு எண்களைக் கவனிக்க வேண்டும். அதன் வழக்கமான க்ரௌஸ் மாதிரியில் ஓட்டுநரின் குறைபாட்டு அளவு 0.5 என்று இருக்கும். பூஜ்யமாக்கினால் எல்லோரும் பிழையற்ற ஓட்டுநர்கள், தானாக எழும் நெரிசலையும் பார்க்க முடியாது. கால இடைவெளி 1 விநாடி, கணக்கீட்டுப் படியும் 1 விநாடி. அவசரக்காரரை உண்டாக்கக் கால இடைவெளியை 0.6 ஆக்கிவிட்டுப் படியை அப்படியே விட்டால் கார்கள் மோதும். அந்த மோதலுக்கு அவசரக்காரர் பொறுப்பல்ல, படியைக் குறையுங்கள்.

விரிதாளில் சுகியாமாவின் வட்டத்தையே கட்டலாம். 22 கார்கள், 4 மீட்டர் நீளம், 230 மீட்டர் வட்டம், 22-வது காரின் முன்வண்டி முதல் கார். கால இடைவெளி 1 விநாடி, உச்ச முடுக்கம் 1, மற்றவை மேலே சொன்னபடி. எல்லோரும் சமதூரத்தில், 4.4 மீ/வி வேகத்தில் தொடங்கட்டும். ஒரே ஒரு காரை அரை மீட்டர் முன்னே தள்ளி வையுங்கள். தொடக்கக் குலுக்கல் அடங்கியபின் எஞ்சும் நீண்ட அலை ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டால் அலை கண்ணுக்குத் தெரியும். பிறகு உச்ச முடுக்கத்தை மட்டும் 2 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். அதே அரை மீட்டர் சலனம் மெல்ல மெல்ல அடங்கிவிடும். முன்வண்டி விலகியதும் தயங்காமல் இடத்தை நிரப்பும் ஓட்டுநர்கள் அவர்கள். அந்தத் தயக்கமின்மைதான் அலையைக் கரைக்கிறது.